கம்பெனி வாள் என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் உலோகத்தில் எழுத்து வெட்டுவது என் வேலை. கேடயம், பெயர்ப்பலகை, கோயில் மணி என்று இருபது வருஷமாக உளியும், எண்ணை அடித்துப் பதிக்கும் நம்பர் பஞ்ச்சுமாகவே போகிறது. அதனால் பழைய வாள், பதக்கம் வாங்குகிறவர்களும் முத்திரையைக் காட்ட என்னிடம் வருவார்கள்.

போன மாதம் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு அண்ணன் துணியில் சுற்றிய வாளோடு வந்தார். நம்ம கிருஷ்ணகிரி கோட்டைச் சண்டையில் விழுந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வாள் என்று நாற்பதாயிரம் கேட்கிறார்களாம், ஐயாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார். பிடிக்குக் கீழே நாலாகப் பிரித்த இதயம், தலையில் 4 போல ஒரு குறி, அதாவது கம்பெனி முத்திரை, பக்கத்தில் 1862. அங்கேயே இடித்தது. கோட்டைச் சண்டை நடந்தது 1791-ல். கம்பெனி ஆட்சியோ 1858-லேயே முடிந்து எல்லாம் ராணி கைக்குப் போய்விட்டது.

சரி, வருஷத்தைப் பொருத்தமாகப் போட்டிருந்தால்? அதற்குத்தான் லென்ஸ். பஞ்ச் வைத்து அடித்தால் இரும்பு நசுங்கி எழுத்தோரம் லேசாக மேடு தட்டும், உளியால் வெட்டினால் இரும்பு சுருளாக வெளியே வந்துவிடும். அந்தக் காலத்திலும் உளியால் வெட்டியது உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். நான் தேடுவது துருக்குழியை. எழுத்து முதலில் வந்து துரு பிறகு பிடித்திருந்தால், குழி எழுத்தின் ஓரத்தைத் தின்றிருக்கும். இந்த வாளில் 8-இன் கோடு ஒரு பழைய குழியை அறுத்துக்கொண்டு போயிருந்தது. குழிக்குள் கறுத்த துரு, கோட்டுக்குள் வெளிர் ஆரஞ்சுத் துரு. அலகு பழசாக இருக்கலாம், முத்திரை புதுசு. அண்ணன் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

முதல் உலகப்போர் வெள்ளிப் பதக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. விளிம்பில் இருக்கும் வீரர் பெயரை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு வேறு பெயர் அடிப்பார்கள். பிரிட்டிஷ் வார் மெடலின் விட்டம் 36 மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோலால் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள், தேய்த்த இடம் குறைத்துக் காட்டும்.

தயவுசெய்து புளி போட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டுவராதீர்கள், பார்க்க வேண்டிய தடயமெல்லாம் அதோடு போய்விடும். அப்புறம், நிலத்தில் தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது சொன்னால் வாங்கவே வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

வாளை அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்பணம் இன்னும் வரவில்லை.