நெட்வொர்க்: வலையா, பிணையா?

சேலம் அம்மாப்பேட்டையில் என் மாமா வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. மாடியில் உள்ளதில் அவர் மகன் சேலை டிசைன் வரைகிறான். கீழே உள்ளதை வைத்து ஜக்கார்டு அட்டை, அதாவது தறிக்கு டிசைனைச் சொல்லும் துளையிட்ட அட்டை, அடிக்கிறார்கள். போன ஐப்பசி மழையில் இணைய இணைப்பு அறுந்துபோனது. டிசைன் மாலைவரை மாடியிலேயே கிடந்தது. "நெட் இல்லாமல் எப்படி அனுப்புவது, மாப்பிள்ளை?" என்றார் மாமா. இடையே இருப்பது பதினெட்டுப் படி.

குற்றம் 'நெட்' என்ற அரைச்சொல்லில் இருக்கிறது. இன்டர்நெட்டையும் நெட்வொர்க்கையும் வெட்டி ஒரே துண்டாக்கிவிட்டோம். போதாததற்கு, ஏற்காடு மலைப்பாதை வளைவில் கைபேசி ஓய்ந்தாலும் 'நெட்வொர்க் இல்லை' என்கிறோம்.

ஆங்கிலத்தில் நெட் என்றால் வலை, வொர்க் என்றால் வேலைப்பாடு. 16ஆம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் பலிபீடத்துக்கான வெண்கலச் சல்லடையை இச்சொல் குறித்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இதற்குத் தந்த விளக்கம், சொல்லைவிடக் கடினமானது என்று இன்றும் கேலிக்கு ஆளாகிறது. மேட்டூரில் வலை வீசுபவரைக் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். பின்னர் கால்வாய், ரயில் பாதை, மின்கம்பி என்று குறுக்கும் நெடுக்குமாக ஓடும் எல்லாவற்றுக்கும் இச்சொல் பரவி, கணினிக்கு வந்து சேர்ந்தது. தனித்தனி நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைப்பதைக் குறித்த நீண்ட சொல்லின் சுருக்கமாக 'இன்டர்நெட்' 1974இல் ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில் இடம்பெற்றது. ஆக, நெட்வொர்க் முந்தியது. இன்டர்நெட் அதன் பிள்ளை.

வைஃபை வேறு வகை. அது எதன் சுருக்கமும் அன்று; 1999இல் ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து வைத்துக்கொண்ட வணிகப் பெயர். தமிழில் 'அருகலை' என்கிறார்கள். அருகில் மட்டும் எட்டும் அலை என்ற பொருள் கச்சிதம்.

நெட்வொர்க்குக்கு 'வலையமைப்பு', 'பிணையம்' என்ற இரண்டும் அச்சில் உலவுகின்றன. வலையமைப்பு நேர் பெயர்ப்பு. ஆனால் வலைத்தளம், வலைப்பூ என்று 'வலை' ஏற்கெனவே இணையத்தின் பக்கம் போய்விட்டது. மாமாவின் குழப்பம் தீராது. பிணையத்துக்கும் ஒரு வில்லங்கம் உண்டு: நீதிமன்றத்தில் பிணை என்றால் ஜாமீன், வங்கியில் பிணையம் என்றால் கடனுக்கு ஈடு. இருந்தும் என் ஓட்டு பிணையத்துக்கே. தறியில் ஒரு பாவு (நீளவாட்டு இழைகள்) முடிந்ததும் பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை நெசவாளர்கள் 'பாவு பிணைத்தல்' என்றுதான் சொல்கிறார்கள். தனித்தனியாகக் கிடப்பவற்றைச் சேர்த்து வேலை நடக்கவைப்பது. நெட்வொர்க் செய்வதும் அதுவே. வீட்டுக்குள் இருப்பது பிணையம், ஊர் உலகப் பிணையங்களை இணைத்தது இணையம்.

மாமா வீட்டில் கணினிகளைச் சேர்த்துவைக்கும் பெட்டியான ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், இணையம் அறுந்தாலும் பிணையம் உயிரோடு இருக்கும். அது ஒவ்வொரு கணினிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணைக் கொடுக்கிறது. வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் கதவு எண் அது. இரண்டு கணினிகளும் ஒரே அருகலையில் இருக்க வேண்டும். விருந்தினருக்கான தனி அருகலையில் ஒன்று மாட்டிக்கொண்டால் பொதுவாக மற்றது கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸில் அந்த இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றி, டிசைன் கோப்புறையைப் பகிர்வுக்குத் திறந்துவிட வேண்டும். கீழிருந்து திறக்கும்போது மாடிக் கணினியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்.

கடவுச்சொல் மகனுக்கு மட்டுமே தெரியும் என்பதால் மாமா அதற்கும் ஒருமுறை மாடி ஏறினார்.