தீ எரிகிறது, ஐஸ் உறைகிறது: டிரெய்லர் ஃப்ரிட்ஜின் கதை

அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மகளும் மருமகனும் காருக்குப் பின்னால் கேம்பிங் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, அவரை அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான டிரெய்லர்கள் வந்து தங்கும் இடம் அது. இவர்கள் நின்ற இடத்தில் கரண்ட் இணைப்பு கிடையாது. ஆனாலும் டிரெய்லரின் ஃப்ரிட்ஜில் ஐஸ் உறைந்திருந்தது. வெளிப்பக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளே சின்னதாக ஒரு நீலத் தீ. "தீயை எரித்து எப்படி ஐஸ் வரும்? அப்புறம், வண்டியை நிறுத்தியதும் மருமகன் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். ஃப்ரிட்ஜுக்காகத்தான் என்கிறார். ஃப்ரிட்ஜுக்கும் ரசமட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

முதலில் நம் வீட்டு ஃப்ரிட்ஜ். ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சும். அந்த ஆவியை கம்ப்ரெஸர் அழுத்தினால், உறிஞ்சிய வெப்பத்தைப் பின்பக்கம் விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், இன்னொரு பக்கம் குறைவு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் கம்ப்ரெஸர்.

டிரெய்லர் ஃப்ரிட்ஜில் கம்ப்ரெஸர் இல்லை. மோட்டார், பம்ப், வால்வு எதுவும் இல்லை. வெல்டிங் செய்து மூடிய எஃகுக் குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கின்றன, அவ்வளவுதான். 1922-இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் இருவரும் உருவாக்கியது இது. எலக்ட்ரோலக்ஸ் உரிமையை வாங்கி 1925-இல் தயாரிக்க ஆரம்பித்தது. ஹோட்டல் அறையில் சத்தமே போடாமல் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜ்களில் பலவும் இதே சாதிதான்.

கம்ப்ரெஸர் இல்லையென்றால் குழாய் முழுக்க ஒரே அழுத்தம்தான் இருக்க முடியும். சுமார் 25 அட்மாஸ்பியர். அந்த அழுத்தத்தில் அம்மோனியா ஏறக்குறைய 58 டிகிரி செல்சியஸிலேயே திரவமாகிவிடும். அதனால் வெயில் காயும் பாலைவனத்திலும் அதைத் திரவமாக்குவது சிரமமில்லை. ஆனால் அதே திரவம் ஃப்ரீசருக்குள் போய் மைனஸ் 20 டிகிரியில் ஆவியாக வேண்டுமே! அதற்கு அழுத்தம் 2 அட்மாஸ்பியருக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். எல்லா இடத்திலும் 25 இருக்கும்போது அது எப்படி?

இதற்கு விடை மண்பானையில் இருக்கிறது. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். பானையின் மேல் கசியும் ஈரமோ 30 டிகிரியிலேயே ஆவியாகிறது. சுற்றிலும் காற்று ஒரு அட்மாஸ்பியர் அழுத்தத்தோடுதான் இருக்கிறது. ஆனால் அதில் நீராவியின் பங்கு ரொம்பக் குறைவு. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் பொருட்படுத்துவதில்லை. தன் ஆவி அங்கே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. பள்ளியில் படித்த டால்டனின் பகுதி அழுத்த விதி இதுதான். புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததற்கும் இதுவே காரணம்.

தண்ணீர் இருந்த இடத்தில் அம்மோனியாவையும், காற்று இருந்த இடத்தில் ஹைட்ரஜனையும் வையுங்கள். ஃப்ரீசருக்குள் மொத்த அழுத்தம் 25 அட்மாஸ்பியரேதான். ஆனால் அதில் பெரும்பங்கு ஹைட்ரஜனுடையது. அம்மோனியாவின் பங்கு 2 மட்டும் என்றால், அது மைனஸ் 19 டிகிரி வாக்கில் ஆவியாகும். ஹைட்ரஜன் அம்மோனியாவோடு வினை புரிவதில்லை, தண்ணீரிலும் கிட்டத்தட்டக் கரைவதில்லை. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. இயற்பியலில் இவ்வளவு நேர்த்தியான யோசனைகள் சிலவே எனக்குத் தெரியும்.

அழகு இன்னும் முடியவில்லை. அம்மோனியாவின் ஆவி ஹைட்ரஜனைவிட எட்டு மடங்குக்கும் மேல் கனமானது. அதனால் இரண்டும் கலந்த வாயு தானாகவே கீழே இறங்கும். இறங்க இறங்க அதில் அம்மோனியாவின் பங்கு கூடும், ஆவியாகும் வெப்பநிலையும் ஏறும். ஆகவே குழாயின் முதல் பகுதியில் ஃப்ரீசர், அடுத்த பகுதியில் பால், காய்கறி வைக்கும் அறை. ஒரே குழாயில் இரண்டு குளிர்!

கீழே தண்ணீர் காத்திருக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அம்மோனியா தண்ணீருக்குள் போய்விட, தனித்து நின்ற ஹைட்ரஜன் லேசாகி மேலே ஏறி ஃப்ரீசருக்குத் திரும்பும்.

நீலத் தீயின் வேலை இங்கேதான். அம்மோனியா கரைந்த தண்ணீரை அது சுடவைக்கிறது. கிளம்பும் குமிழிகள் மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரையும் சேர்த்து மேலே தூக்குகின்றன. மேலே போனதும் அம்மோனியா பிரிந்து, குளிர்ந்து திரவமாகி, மறுபடி ஃப்ரீசரை நோக்கி வழியும். தண்ணீர் இன்னொரு வழியாகக் கீழே இறங்கும். புரோப்பேன் கேஸ்தான் வேண்டும் என்றில்லை. மின்சார ஹீட்டரும் போதும்.

குமிழிகள் தூக்குவதைத் தவிர, மற்ற எல்லா ஓட்டமும் புவியீர்ப்பால்தான். ரசமட்டம் அதற்குத்தான். பழைய மாடல்களில் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரி வரைதான் சாய்வு தாங்கும். அதற்கு மேல் போனால் திரவம் வளைவுகளில் தேங்கிவிடும். தீ எரியும் இடம் வறண்டு, அளவுக்கு மீறிச் சூடாகும். துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். ஒருமுறை அடைத்தால் அது நிரந்தரம். மருமகன் சக்கரத்தடியில் பலகை வைத்துச் சமன் செய்வது சரிதான். ஓடும்போது பயமில்லை, குலுங்கும் வண்டியில் திரவம் ஒரே இடத்தில் தேங்காது.

இதன் குறை, திறன். எரியும் வெப்பத்தில் கால்வாசி அளவு வெப்பத்தைத்தான் உள்ளேயிருந்து வெளியேற்றும். லித்தியம் பேட்டரியும் சோலார் பேனலும் விலை குறைந்ததால், புதிய டிரெய்லர்களில் 12 வோல்ட் கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜ்கள் அதிகமாகி வருகின்றன. அதற்காக இந்தத் தத்துவத்தை மூலையில் போட்டுவிடக் கூடாது. மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பூசிகளைப் பல ஆண்டுகள் காப்பாற்றியவை மண்ணெண்ணெயில் ஓடிய இதே ஃப்ரிட்ஜ்கள். விலை சரியும்போது விவசாயி தக்காளியைச் சாலையில் கொட்டும் நாடு இது. சாணஎரிவாயுவிலும் ஆலைகள் வீணாக்கும் வெப்பத்திலும் ஓடும் குளிர்பதனக் கிடங்குகளை ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாகப் பணம் தர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். நூறாண்டுக்கு முன்பு இரண்டு மாணவர்கள் தொடங்கிவைத்த வேலை இது.

வாசகருக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் போடும் முன் அந்தத் தீயை அணைக்கச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, உள்ளே அம்மோனியா நெடி அடித்தாலோ, குழாய் கசிகிறது என்று அர்த்தம். கசிவது ஹைட்ரஜனும்தான், பக்கத்திலேயே தீயும் இருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு, பழுதுபார்ப்பவர் வரும்வரை திரும்பப் பற்றவைக்க வேண்டாம்.