அந்நிய ஊரில் திடீரென்று பெரிதாகத் தெரியும் மூக்கு

படிப்புக்காக வேறு நாட்டுக்குப் போன மாணவர்கள் அழகு அறுவை சிகிச்சை கேட்டு என்னிடம் வரும்போது, "இது எப்போதிலிருந்து உங்களை உறுத்துகிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். பலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கே வந்த பிறகுதான் என்கிறார்கள். வகுப்பில் தன் சாயலில் இன்னொருவர் இல்லை, நண்பர்கள் இன்னும் அமையவில்லை, பேசும் விதத்தை யாரோ கிண்டல் செய்துவிட்டார்கள், இப்படி எங்கும் ஒட்ட முடியாத வருத்தமெல்லாம் கண்ணாடி முன்னால் நிற்கும்போது மூக்கின் மேலோ கண்ணிமையின் மேலோ போய் உட்கார்ந்துகொள்கிறது. மூக்கை என்னால் திருத்த முடியும். தனிமையைத் திருத்த முடியாது.

அப்புறம் செல்ஃபி. முகத்துக்கு ஓரடி தூரத்தில் போனைப் பிடித்து எடுத்தால் மூக்கு உண்மையில் இருப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தள்ளி எடுத்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. தினமும் வீடியோ காலில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

அறுவை சிகிச்சையே தப்பு என்று சொல்லவில்லை. சிறு வயதிலிருந்தே ஒரு குறை உறுத்துகிறது, மற்றபடி வாழ்க்கை நன்றாகப் போகிறது என்றால், தாராளமாகப் பேசலாம். ஆனால் பிறர் கண்ணுக்கே தெரியாத குறையை நினைத்து மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பது, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே இருப்பது என்றால் அது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டராக இருக்கலாம். நூறில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இருக்கும் மனநலப் பிரச்சினை இது. கத்தி வைத்தால் பெரும்பாலும் நிம்மதி கிடைக்காது, கவலை அடுத்த உறுப்புக்குத் தாவும். நடத்தை சார்ந்த மனநல சிகிச்சையும் மருந்தும்தான் உதவும். பல பல்கலைக்கழகங்களில் கவுன்சிலரைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம், தயங்காமல் போங்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது லீவு நாள் ஆபரேஷன்தான். மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். மூக்கின் மேல் வைக்கும் கட்டை ஒரு வாரத்தில் எடுத்துவிடுவோம், சரி, ஆனால் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை போன்ற பெரிய ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே நீண்ட விமானப் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரல் வரை போகும் ஆபத்து கூடுகிறது. திரும்பிய பிறகு சீழ் பிடித்தால், ஆபரேஷன் செய்தவர் ஒரு நாட்டில், நீங்கள் இன்னொரு நாட்டில். மாணவர் காப்பீடு இதற்குப் பணம் தருமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் தராது. மீறிச் செய்துகொண்டால், என்ன செய்தார்கள், எந்த மருந்து கொடுத்தார்கள் என்ற அறுவைக் குறிப்பு கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.