அவருக்கு வேணுங்கிறது மட்டும் காதுல விழும்

ஈரோட்டுல காது டெஸ்ட் பண்ற வேலை பாக்குறேன், ஆடியாலஜிஸ்ட். எல்லாரும் டாக்டரம்மான்னுதான் கூப்புடுவாங்க, நான் டாக்டர் இல்லீங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி இப்ப விட்டுட்டேன். வர்றவங்கள்ல பாதிப் பேரு தறிக்காரங்க, குமாரபாளையம், பள்ளிபாளையம், இந்தப்பக்கம் சென்னிமலை. அம்பதுக்கு மேல ஒரு ஆம்பள தனியா வந்து எனக்கு காது கேக்கலைங்கன்னு சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. பையனோ மருமகளோதான் இழுத்துட்டு வருவாங்க. கூட வர்ற சம்சாரம் உள்ள வந்து உக்காந்ததும் சொல்ற மொத வார்த்தை, "அதெல்லாம் நல்லாக் கேக்குமுங்க, அவருக்கு வேணுங்கிறது மட்டும் காதுல விழும்."

வந்தவங்க கதைய அப்படியே எழுத முடியாது, எழுதவும் கூடாது. அதனால நாலஞ்சு குடும்பத்தப் பிசைஞ்சு ஒரு கதையா சொல்றேன், பேரெல்லாம் நானா வெச்சது.

பழனியப்பனுக்கு 59 வயசு, 31 வருசம் தறிக் குடோன்ல. சம்சாரம் சரசு. ஒருநாள் ராத்திரி சரசு அடுப்படில பாத்திரம் கழுவிக்கிட்டே, கொழா தண்ணி ஓடுது, முன் ரூம்பு டிவில நாலு பேரு ஒரே நேரத்துல சண்டை போட்டுட்டு இருக்காங்க, திரும்பாமயே கேட்டா, "ஏனுங்க, அம்மா கீழ உழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சாமா, ஆபரேஷன் பண்ணோணுங்கறாங்க, நாளைக்கு காலைல போயி ஒரு பத்து நாள் இருந்துட்டு வரட்டுங்களா?" முன் ரூம்புல இருந்து "ம்ம்... செரி"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான். என்னாச்சு, எப்படி உழுந்தாங்க, கைல காசு இருக்குதா, ஒண்ணும் கேக்கல. சரசு பாத்திரத்தக் கழுவி முடிச்சுட்டு படுத்துட்டா.

காலைல அவ பையோட நிக்கிறதப் பாத்து அவரு "எங்க?"ன்னாரு. "ராத்திரி சொன்னன்லங்க"ன்னா. இந்த எடத்துலதான் நான் எப்பவும் நின்னு யோசிப்பேன். "எனக்குக் கேக்கல புள்ள, மறுபடி சொல்லு"ன்னு சொல்ல அஞ்சு செகண்டு போதும். அவரு சொன்னது, "ஓ, ஆமாமா."

பன்னெண்டு நாள் ஆச்சு. அவ போன் பண்ணுனா போன்ல கேக்குறது இன்னும் மோசம், எதிர்ல மொகம் இல்ல, அவரு ரெண்டு தடவை "செரி செரி, வெச்சர்றேன்"ன்னு கட் பண்ணிட்டாரு. சரசு அவ தங்கச்சிகிட்ட, எங்கம்மா சாகக் கெடக்குது இந்தாளு ஒரு வார்த்தை விசாரிக்கலன்னு அழுதுருக்கா. இங்க இவரு, என்னமோ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, எதுக்குன்னு தெரியல, நாம என்ன தப்பு பண்ணுனோம்னு நெனச்சுக்கிட்டு கடைல இட்லி வாங்கித் தின்னுட்டு இருந்துருக்காரு. பையன் திருப்பூர்ல இருந்து வந்து, "என்னப்பா, அம்மாயியப் பாக்கப் போகலியா"ன்னு கேட்டப்பத்தான் அவருக்கு விசயமே தெரியும். அப்பவும் பையன்கிட்ட என்ன சொன்னாரு தெரியுங்களா? "அவ என்கிட்ட சொல்லவே இல்ல."

இதுல யாரு பொய் சொல்றது? ரெண்டு பேரும் சத்தியமாத்தான் பேசுறாங்க.

தறிச் சத்தம் பத்தி தெரியாதவங்களுக்கு: நாடாத் தறி, அதாவது நாடா அடிச்சு ஓடுற பவர்லூமு, ஓடுற குடோனுக்குள்ள சாதாரணமா 90 டெசிபெல்லுக்கு (சத்தத்த அளக்குற அளவு) மேல இருக்கும். 85 டெசிபெல்ல எட்டு மணி நேரம் தாங்கலாம்னு ஒரு கணக்கு, அதுக்கு மேல மூணு மூணு டெசிபெல் ஏற ஏற நேரம் பாதி பாதியாக் கொறையும், 88ல நாலு மணி, 91ல ரெண்டு மணி, 100க்கு வந்தா கால் மணி நேரம்தான். இவங்க ஓட்டுறது பன்னெண்டு மணி நேர ஷிப்ட்டு, காதுல பஞ்சு கூட இல்லாம (பஞ்சும் பெருசா ஒண்ணும் தடுக்காது, அதுக்குன்னு இருக்குற இயர் பிளக்குதான் வேணும்). 1948 பேக்டரி சட்டத்தோட மூணாவது அட்டவணைல சத்தத்தால வர்ற காது கேளாமையும் ஒரு தொழில் நோய்னு இருந்துச்சு, ஆனா வீட்டுக்குப் பின்னாடி நாலு தறி போட்டு ஓட்டுற எடத்துக்கு எந்த பேக்டரி சட்டம் வரும் சொல்லுங்க.

சத்தத்துல மொதல்ல அடி வாங்குறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுன்னு இருக்குற ஒலிங்க. அடித்தொண்டைச் சத்தம், வண்டிச் சத்தம், கதவு சாத்துறது எல்லாம் பழையபடி கேக்கும். அதனால அந்த மனுசனுக்கு காது கேக்கலங்கிற நெனப்பே வராது, சத்தம் கேக்குது, வார்த்தைதான் புரியல, அப்ப எதிராளி முணுமுணுன்னு பேசுறாங்கன்னு தோணும். பேச்சுல அ, ஆ, ஓ எல்லாம் கனமான ஒலி, அது காதுக்கு வந்துரும். ச, ஸ, ஷ, ஃப இதெல்லாம் மெல்லிசு, அது போயிரும். பையனோட கட்டைக்குரல் புரியும், சம்சாரம் குரலும் பேத்தி குரலும் புரியாது. இப்ப புரியுதுங்களா சரசு ஏன் வேணுங்கிறது மட்டும் கேக்கும்னு சொல்றான்னு? அவ கண்ணால பாத்தது அது, பையன் பேசுனா பதில் வருது, நான் பேசுனா வரல.

அதோட இன்னொண்ணு. தறி ஓடுறப்ப யாரும் யாருகிட்டயும் கத்திப் பேச மாட்டாங்க, கத்துனாலும் பிரயோஜனம் இல்ல, வாயசைவும் கையசைவும்தான். முப்பது வருசம் அப்படிப் பழகுன ஆளு நேருக்கு நேரா ஒக்காந்தா வாயப் பாத்தே முக்கால்வாசி புரிஞ்சுக்குவாரு, அது தான் பண்றோம்னு அவருக்கே தெரியாது.

பையன் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தான். மொதல்ல ஈஎன்டி டாக்டர் பாத்து குறும்பி எதும் இல்லன்னு சொன்னப்புறம் என்கிட்ட வந்தாங்க. ஹெட்போன் மாட்டி பீப் சத்தம் கேட்டா பட்டன அமுத்தச் சொன்னேன், கேக்குற அளவக் காட்டுற கிராப் எறங்குற லட்சணம் அப்பவே தெரிஞ்சுது, 500 ஹெர்ட்ஸ்ல 25 டெசிபெல்ல கேட்ட காது 4000ல 70 வெச்சாத்தான் கேக்குது. ஆனா கிராபக் காட்டி எந்தச் சம்சாரத்தையும் நம்ப வெக்க முடியாது. அதனால சரசக்காவ என் பக்கத்துலயே உக்கார வெச்சுட்டு, நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்கன்னு அவருகிட்ட சொன்னேன். சட்டி, காசு, பத்து, மொகத்தக் காட்டித்தான் சொன்னேன், டக்கு டக்குன்னு சரியாச் சொன்னாரு. சரசக்கா என்னப் பாத்து, "பாத்தீங்களா"ங்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் ஒரு வெள்ளப் பேப்பர எடுத்து வாய மறைச்சுக்கிட்டு அதே குரல்ல அதே வார்த்தைங்க.

"சட்டி."
"கட்டி."
"காசு."
"காது."
மூணாவதுக்கு அவரு பதிலே சொல்லல. பேப்பரத்தான் பாத்துட்டு இருந்தாரு, எறக்குவேனான்னு.

இந்த எடத்துல பொண்டாட்டி கண்ணு கலங்கும், கையப் புடிப்பாங்கன்னு நெனப்பீங்க. நான் பாத்த வரைக்கும் அப்படி நடக்காது. மொதல்ல வர்றது கோவம். சரசக்கா சொன்னது, "ஏன் அம்மிணி, அப்ப நான் இத்தன வருசமா கோவப்பட்டதெல்லாம்?" நம்மள மதிக்கலன்னு ஒன்பது பத்து வருசம் நெனச்சு, பேச்சக் கொறைச்சு, படுக்கைய மாத்தி, தங்கச்சிகிட்ட அழுது ஒரு வழியாப் பழகிக்கிட்டா, இப்ப ஒருத்தி வந்து அது மனசு இல்ல காதுன்னு சொன்னா அத ஏத்துக்க அவளுக்கும் நாள் ஆகும். மறுக்குறது அவரு மட்டும் இல்ல. கல்யாண வீட்டுல அவரு பக்கத்துலயே நின்னு, யாரு என்ன கேட்டாலும் அவருக்கு முந்திப் பதில் சொல்லிச் சமாளிச்சவ அவதான், அது ஏன்னு அவளுக்குள்ள தெரியாமலா இருந்துருக்கும்?

அவருகிட்ட தனியாக் கேட்டேன், அன்னைக்கு காலைல கேக்கலன்னு சொல்லிருக்கலாமே. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சொன்னாரு, "திமிரு புடிச்சவன்னு சொன்னாக்கூடப் பரவால்ல கண்ணு, செவிடன்னு ஊருக்குள்ள பேராயிருமுல்ல."

காதுல மாட்டுற கருவிய பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிர்றேன். மாட்டுன அன்னைக்கே எல்லாம் சரியாகாது, தட்டு வெக்கிற சத்தம், விசில் சத்தம், சொந்தக் குரல் எல்லாம் எரிச்சலாத்தான் இருக்கும், மூளை பழக வாரக்கணக்குல ஆகும், அதுக்குள்ள கழட்டி பீரோல வெச்சுட்டா பணம் வேஸ்ட்டு. போன காது திரும்ப வராது, எண்ணெய் சூடு பண்ணி ஊத்தாதீங்க. திடீர்னு ஒரு நாள்ல ஒரு காது மட்டும் அடைச்ச மாதிரி கேக்காமப் போனா அது வேற கதை, அது எமர்ஜென்சி, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காம அன்னைக்கே ஈஎன்டிகிட்ட ஓடுங்க. வீட்டுல இருக்குறவங்க கத்தவும் வேண்டாம், கத்துனா அந்த மெல்லிசு ஒலி கூடறதில்ல, பேச்சுதான் சண்ட மாதிரி ஆகுது. பேரச் சொல்லிக் கூப்புட்டு, மொகத்தப் பாத்து, டிவிய அமத்திட்டுப் பேசுங்க. நூறு பேருகிட்ட சொல்லிருப்பேன், பத்துப் பேரு செய்வாங்க.

ரொம்ப வருசம் கேக்காம இருந்த வீட்டுல மொதல்ல காணாமப் போறது அவசியமில்லாத பேச்சு. சாப்பிட வாங்க, கரண்டு பில்லு கட்டியாச்சா, இதெல்லாம் கத்தியாவது சொல்லிருவாங்க. எதிர் வீட்டுப் பூனை குட்டி போட்டத யாரும் கத்திச் சொல்ல மாட்டாங்கல்ல.

மூணாவது வாரம் கருவிய செட் பண்ண வந்தாங்க. நான் கம்ப்யூட்டர்ல தட்டிட்டு இருக்கேன், சரசக்கா அவருக்குப் பின்னாடி சேர்ல உக்காந்து தனக்குத்தானே சொல்ற மாதிரி, "இந்த அம்மிணி கட்டிருக்குற சேலை நல்லாருக்குது, கைத்தறியாட்ட இருக்குது"ன்னாங்க.

அவரு திரும்பவே இல்ல. "பவர்லூமு அது. கைத்தறின்னு சொல்லி வித்துருப்பான்."

அப்படித்தான் வித்தான்.