கொசுக்கடி நமக்குப் பழகியதுதானே டாக்டர்?

போன வாரம் இன்னொருவர். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஓராண்டு கணக்குப் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பிய இளைஞர். வந்த பதினோராம் நாள் காய்ச்சல். ‘சீதோஷ்ணம் மாறியதால் வந்த காய்ச்சல்’ என்று வீட்டிலேயே முடிவு செய்து, நான்கு நாள் பாராசிட்டமால் மட்டும். ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தபோது கண்கள் மஞ்சள், சிறுநீர் டிகாக்‌ஷன் நிறம், பேச்சு குழறியது. ஃபால்சிபாரம் மலேரியா, உயிரையே பறிக்கக்கூடிய வகை. பிழைத்துக்கொண்டார். அவருடைய பெட்டியிலிருந்து அம்மா எடுத்து வந்து காட்டிய டாக்சிசைக்ளின் என்ற மலேரியா தடுப்பு மாத்திரை அட்டைகள் பெரும்பாலும் பிரிக்கப்படவே இல்லை.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதுதான் தலைப்பு. தொண்டு செய்யப் போய்த் திரும்புகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

பழகவில்லை. நம் நகரங்களில் இரவெல்லாம் நம்மைக் கடிப்பவை பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசுக்கள். அவை மலேரியாவைப் பரப்புவதே இல்லை. சென்னையில் காணும் மலேரியா அநேகமாக வைவாக்ஸ் வகை. அது எப்போதோ ஒருமுறை வந்துபோனது ஃபால்சிபாரத்துக்குக் கேடயம் ஆகாது. அந்தக் கிராமத்துப் பெரியவர்கள் கவலையில்லாமல் நடமாடுகிறார்களே என்பீர்கள். கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து மழைக்காலம் தவறாமல் கடிபட்டு, காய்ச்சலில் கிடந்து, பிழைத்தவர்கள் அவர்கள். பிழைக்காத தம்பி தங்கைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அப்படிச் சம்பாதித்த எதிர்ப்புச் சக்தியும் அரைகுறைதான். சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் அவர்களுக்கே அது குறைந்துவிடுகிறது. ஓராண்டு தங்கப் போகிற உங்களுக்கு எங்கிருந்து வரும்?

அந்த ஏரிக்கரையில் இரண்டாண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும். மின்சாரம் இருக்காது. பக்கத்து வீட்டார் ‘முலி ப்வாஞ்சி’ என்று நலம் விசாரித்துத் திண்ணைக்கு அழைப்பார்கள். மக்காச்சோள மாவில் கிண்டிய ந்சிமா, வறுத்த உசிப்பா மீன், ஒன்பது மணி வரை பேச்சு. அந்த நேரங்களுக்காகவே நான் அங்கே திரும்பிப் போகத் தயார். ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு கிளம்புகிற நேரமும் அதுதான். ‘மலுங்கோ’ என்று அவர்கள் ஜலதோஷத்தைப் போலச் சாதாரணமாகச் சொல்லும் சொல் மலேரியாவைத்தான் குறிக்கிறது. மழை மாதங்களில் எங்கள் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் கிடப்பார்கள்.

பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு. புழுக்கமாக இருக்கிறது என்று கொசுவலையைச் சுருட்டி ஆணியில் மாட்டி வைக்காதீர்கள். மருந்து தோய்த்த வலையாக இருக்கட்டும். நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகுங்கள். மாத்திரையைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் தினமும் ஒன்று, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம். நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்காதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகிவிடும்.

ஊசிதான் போட்டாயிற்றே என்பவர்களுக்கு: நீங்கள் போட்டுக்கொண்டது மஞ்சள் காய்ச்சல் ஊசி. அது மலேரியாவைத் தடுக்காது. மலாவியில் 2019-இல் தொடங்கிய மலேரியா தடுப்பூசித் திட்டம் சிறு குழந்தைகளுக்கானது.

ஏரியில் குளிக்காதீர்கள், குறிப்பாக நாணல் அடர்ந்த கரையில். அங்கே நத்தைகளிலிருந்து தண்ணீருக்கு வரும் பில்ஹார்சியா நோய்ப் புழு தோலுக்குள் இறங்கும். குளித்துவிட்டீர்களா, திரும்பி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வாருங்கள். பிராசிகுவான்டல் மாத்திரையில் சரியாகிவிடும்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் வேண்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். திரும்பிய பின் ஓராண்டுக்குள், அதிலும் முதல் மூன்று மாதத்துக்குள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், காய்ச்சல் விடாவிட்டால் மறுநாளும் அதற்கு மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த இளைஞருக்கு முதல் நாளே ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருந்தால், ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவர் அம்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது.