வாலண்டியர்: அயல் மண்ணில் போரிட்டவரைத் தமிழில் எப்படி அழைப்பது?

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் 'வாலண்டியர்' என்றால் தேர்த்திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர்களும் ரத்ததான முகாமில் ஓடியாடுகிறவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது படையோடு. விருப்பம் என்று பொருள்படும் 'வொலுந்தாஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். பிரெஞ்சு வழியாக 1600 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே முன்வந்து படையில் சேர்ந்தவரைக் குறித்தது. சமூகப் பணி செய்கிறவர் என்ற பொருள் பிறகு வந்தது.

சரி, அந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் என்ன சொல்வது? அதிலும் இன்னொரு நாட்டின் விடுதலைக்காக ஆயுதம் எடுத்த வெளிநாட்டுக்காரரை? அவரைச் சிலர் 'கூலிப்படை' என்று எழுதிவிடுகிறார்கள். உயிரைக் கொடுக்கப் போனவருக்கு இது பெரிய அநியாயம்.

கூலிப்படை நம்மிடம் பழைய சொல்தான். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை சொல்லும் பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று படையை ஆறாகப் பிரிக்கிறார். துணைப்படை நட்பு அரசனிடமிருந்து வருவது. எந்த அரசனும் அனுப்பாமல் தானே கிளம்பிப் போகிறவனுக்கு இந்த ஆறிலும் இடமில்லை.

சம்பளம் வாங்கினால் கூலிப்படை, வாங்காவிட்டால் வாலண்டியர் என்று பிரித்துவிடலாமா? அதுவும் சரிவராது. 1777இல் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போன 19 வயது பிரெஞ்சு இளைஞர் லஃபாயெத், சம்பளம் வேண்டாம் என்றே சேர்ந்தார். ஆனால் தென் அமெரிக்காவில் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திய பொலிவாரின் படைக்குப் போன பிரிட்டிஷ், ஐரிஷ்காரர்கள் பலர், நெப்போலியன் போர்கள் முடிந்து வேலை இழந்த சிப்பாய்கள். சம்பளம் தருவதாகச் சொல்லித்தான் அவர்களைச் சேர்த்தார்கள். பலருக்கு அது ஒழுங்காகக் கிடைக்கவில்லை. காய்ச்சலிலும் பசியிலும் நிறையப் பேர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் 1821 ஜூன் 24 அன்று வெனிசுவேலாவின் கரபோபோ போர்க்களத்தில் குண்டுமழைக்கு நடுவே அணி கலையாமல் நின்றார்கள். அந்த வெற்றிக்குப் பிறகு அவர்களின் படையணிக்கே கரபோபோ என்று பெயர் சூட்டப்பட்டது. அவர்களைக் கூலிக்கு வந்தவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வயிற்றுக்காகக் கிளம்பியவரும் ஒரு கட்டத்தில் அந்த மண்ணுக்காக நிற்க முடிவெடுக்கலாம். ஆகவே கூலியை வைத்து அளக்காமல், விருப்பத்தை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

'தொண்டர்' என்றால் என்ன? நல்ல சொல். ஆனால் கொங்கு மண்ணில் அதைச் சொன்னதும், சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியோடு அடிபட்டு உயிர்விட்ட குமரன் கண்முன் வருகிறார். ஆயுதம் ஏந்தாத தியாகத்தின் பெயர் அது. சைவ மரபில் அடியாருக்கும் அதுதான் பெயர். போர்வீரருக்கு அதை மாற்றிப் போடாமல் இருப்பதே நல்லது.

என் பரிந்துரை 'தன்னார்வப் படைஞர்'. வெளிநாட்டவர் என்றால் 'அயல்நாட்டுத் தன்னார்வப் படைஞர்'. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்ற குறளில் ஆர்வலர் என்பது அன்புடையவரைக் குறிக்கிறது. லத்தீன் வேரில் விருப்பம் மட்டுமே இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் அன்பும் சேர்ந்துவிடுகிறது. படைஞர் என்பதும் புதிதாகக் கட்டியதல்ல, பழைய வழக்குதான்.

தீரன் சின்னமலையை இப்படி அழைக்கலாமா? கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு போய் திப்புவோடு சேர்ந்து கம்பெனிப் படையை எதிர்த்தார் என்பது இங்கே வழங்கும் வரலாறு. தன்னார்வப் படைஞர் என்பது அவர்களுக்கு அழகாகப் பொருந்தும். 'அயல்நாட்டு' என்ற அடைமொழி மட்டும் ஒட்டாது. அப்போது கொங்குநாடே மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்து நின்றவரை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். ஆடி 18 அன்று இரண்டு ஊரிலும் அவருக்கு மாலை விழுகிறது. அவரோடு மைசூர் போய்த் திரும்பாதவர்களையும் அன்று ஒரு வார்த்தை சொல்லி நினைக்கலாம்.

பிற நாடுகள் இந்த நன்றியைப் பல விதமாகக் காட்டியிருக்கின்றன. கிரேக்க விடுதலைக்காகத் தன் பணத்தைச் செலவழித்து, 1824இல் மிசலோங்கியில் காய்ச்சலில் இறந்த கவிஞர் பைரனின் பெயரை ஏதென்ஸின் ஒரு பகுதி இன்றும் தாங்கி நிற்கிறது. லஃபாயெத்துக்கு 2002இல் அமெரிக்கா கௌரவக் குடியுரிமை கொடுத்தது. நமக்கு ரொம்பப் பக்கத்து எடுத்துக்காட்டு வங்கதேசம். டாக்கா அருகே டோங்கியில் பாட்டா செருப்பு நிறுவனத்தின் அதிகாரியாக இருந்த டச்சு - ஆஸ்திரேலியர் அவுடர்லாந்து, 1971 போரில் விடுதலை வீரர்களுக்குக் கெரில்லாப் பயிற்சி கொடுத்தார். வங்கதேசத்தின் 'பீர் பிரதீக்' வீர விருது பெற்ற ஒரே வெளிநாட்டவர் அவர்தான். அவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'அயல்நாட்டுத் தன்னார்வப் படைஞர் அவுடர்லாந்து' என்று எழுதலாம். படைஞர் கடினமாகத் தோன்றினால் 'படைவீரர்' என்று வைத்துக்கொண்டாலும் பிழையில்லை.