ஒரு பதிவு, நூறு நகல்கள்: ஃபெடிவர்ஸ் வளர்வதும் திணறுவதும்

2024 நவம்பர் 1ஆம் தேதி, மொரீசியஸ் பொதுத் தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, தீவின் இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு வந்தது: சமூக ஊடகங்களை 11ஆம் தேதி வரை நிறுத்தி வைக்க வேண்டும். ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசிப் பேச்சுகள் அந்த ஊடகங்கள் வழியே கசிந்துகொண்டிருந்த நேரம் அது. கண்டனம் கிளம்பவே மறுநாளே தடையை விலக்கிக்கொண்டார்கள். எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாத தளத்தில் இருந்திருந்தால் தப்பியிருக்கலாமே என்ற பேச்சு இம்மாதிரி ஒவ்வொரு தடைக்குப் பிறகும் எழும். அது பாதி உண்மை. ஒரு சர்வரின் பெயர் தெரிந்துவிட்டால் அதைத் தடுப்பதும் ஒரு வரி வேலைதான். மீதிப் பாதி உண்மை எங்கே இருக்கிறது என்று பார்க்க, இந்தத் தளங்கள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்று தெரிய வேண்டும்.

ஃபெடிவர்ஸ் என்பது ஒரே தளம் அல்ல. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் நடத்துவது, ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம், தனி விதிமுறை. எல்லாம் பேசிக்கொள்வது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதை 2018 ஜனவரி 23 அன்று தரநிலையாக வெளியிட்டது. குறும்பதிவுக்கு மாஸ்டடான், படத்துக்குப் பிக்ஸல்ஃபெட், வீடியோவுக்குப் பியர்ட்யூப், விவாதத்துக்கு லெம்மி என்று மென்பொருள்கள் பல. அனைத்தும் திறந்த மூலம். மாஸ்டடானில் இருப்பவர் பியர்ட்யூப் சேனலைப் பின்தொடரலாம், அங்கே தனிக் கணக்கு வேண்டியதில்லை.

மொரீசியஸின் ரோஸ்ஹில்லில் ஒரு தமிழ்ச் சங்கம் சொந்தமாக மாஸ்டடான் சர்வர் வைத்திருக்கிறது என்று கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேறொரு சர்வரில் இருப்பவர் அந்தச் சங்கத்தைப் பின்தொடர விரும்புகிறார். முகவரியின் வடிவம் மின்னஞ்சல் போன்றது: பெயர், அட் குறி, டொமைன். டர்பன் சர்வர் அந்த டொமைனில் வெப்ஃபிங்கர் என்ற நிலையான பாதைக்குப் போய், இந்தப் பெயருக்கு உரியவர் எங்கே என்று கேட்கிறது. பதிலாக ஓர் இணைப்பு வரும். அதைத் திறந்தால் கணக்கின் விவர ஆவணம் கிடைக்கும்: பெயர், படம், செய்தி பெறும் அஞ்சல்பெட்டியின் முகவரி, பொதுச் சாவி.

புதிதாக அமைப்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். சங்கத்தின் இணையதளம் முதன்மை டொமைனில் இருக்கும்; மாஸ்டடானைத் துணை டொமைனில் நிறுவியிருப்பார்கள்; முகவரி மட்டும் முதன்மை டொமைன் பெயரில் இருக்க வேண்டும் என்பார்கள். அது முடியும். ஆனால் வெப்ஃபிங்கர் கேள்வி முதன்மை டொமைனுக்குத்தான் வரும். அதைத் துணை டொமைனுக்குத் திருப்பிவிடும் ஒரு வரியை எழுத மறந்தால், உள்ளே எல்லாம் சரியாக ஓடும், வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டொமைன் பெயரை நிறுவும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்ற வழியில்லை.

அடுத்து டர்பன் சர்வர் 'பின்தொடர்கிறேன்' என்ற செய்தியைச் சங்கத்தின் அஞ்சல்பெட்டிக்கு அனுப்பும். சங்கம் 'ஏற்றேன்' என்று திருப்பி அனுப்பும். அன்று முதல் சங்கம் இடும் ஒவ்வொரு பதிவின் நகலும் டர்பனுக்குத் தள்ளப்படும். நகல் என்பதைக் கவனிக்க வேண்டும். டர்பன் வாசகர் தன் சர்வரின் தரவுத்தளத்தில் உள்ள பிரதியைத்தான் படிக்கிறார். ரோஸ்ஹில்லில் மின்சாரம் போனாலும், தீவில் தடை வந்தாலும், ஏற்கனவே போய்ச் சேர்ந்தவை அங்கே இருக்கும். தொடக்கத்தில் சொன்ன மீதிப் பாதி உண்மை இதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு: பதிவை அழித்தால் 'அழியுங்கள்' என்ற வேண்டுகோள்தான் போகும். எதிர்ச் சர்வர் அதற்குப் பணியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோயில் நிர்வாகச் சண்டையை இரவில் எழுதிக் காலையில் அழிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இந்தச் செய்திகளை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பலாமே? அதற்காகத்தான் பொதுச் சாவி. ஒவ்வொரு செய்தியையும் அனுப்புபவர் தன் தனிச் சாவியால் கையொப்பமிடுகிறார். நேரமும் உள்ளடக்கத்தின் சுருக்கக் குறியும் அந்தக் கையொப்பத்தில் அடங்கும். பெறுபவர் பொதுச் சாவியால் சரிபார்ப்பார். சர்வரின் கடிகாரம் மணிக்கணக்கில் பிசகியிருந்தால் கையொப்பம் செல்லாது, 401 என்ற பிழை வரும். காரணம் புரியாமல் நாள் முழுக்கத் தேடுவதைவிட முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சங்கத்துக்கு 500 பேர் பின்தொடர்பவர்கள், அவர்கள் 120 சர்வர்களில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரே சர்வரில் உள்ள எல்லோருக்கும் ஒரே பொது அஞ்சல்பெட்டி உண்டு என்பதால் 500 அல்ல, 120 முறை அனுப்பினால் போதும். இந்த வேலை சைட்கிக் என்ற பின்னணி வரிசையில் நடக்கிறது. மாஸ்டடானின் வழக்கமான நிறுவலில் அதற்கு 25 இழைகள், அதாவது ஒரே நேரத்தில் 25 வேலைகள் நடக்கும். இணைப்பை ஏற்படுத்த, மறைகுறியாக்கம் பேச, செய்தியைத் தர என மூன்று முறை போய்வர வேண்டும். ஒரு சுற்று 200 மில்லிவிநாடி என்றால் ஓர் அனுப்புதலுக்கு 0.6 விநாடி; 25 இழைகள் சேர்ந்து விநாடிக்கு நாற்பது சொச்சம். 120 சர்வர்களுக்கு மூன்று விநாடி.

அந்த 200 மில்லிவிநாடி எங்கிருந்து வருகிறது என்றால், கடலிலிருந்து. ஃபெடிவர்ஸ் சர்வர்களில் ஏராளமானவை ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் உள்ள தரவு மையங்களில் இருக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். மொரீசியஸிலிருந்து ஜெர்மனி நேர்கோட்டில் சுமார் 9,000 கிலோமீட்டர்; போய்வரக் குறைந்தது 90 மில்லிவிநாடி. சேஃப், மெட்டிஸ் போன்ற கடலடிக் கேபிள்கள் தென்னாப்பிரிக்கா சுற்றிப் போகும்போது அது இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகவே சர்வரை போர்ட் லூயியில் வைத்தால் தீவுவாசிகளுக்குப் பக்கம் சட்டென்று திறக்கும், வெளியே அனுப்புவது மெதுவாகும். ஐரோப்பாவில் வைத்தால் தலைகீழ். சில நூறு பேருக்கு எங்கே வைத்தாலும் வித்தியாசம் தெரியாது என்பதே என் கருத்து. விலையைப் பார்த்து முடிவு செய்யலாம். செத்துப்போன சர்வர்கள்தான் உண்மையான தொல்லை. பதில் வராத ஒவ்வொன்றும் ஓர் இழையைப் பத்து விநாடிவரை பிடித்து வைத்துக்கொள்ளும்.

பெறும் பக்கத்திலும் வேலை குறைவில்லை. 120 சர்வர்களும் கையொப்பத்தைச் சரிபார்த்து, பதிவைச் சேமித்து, படங்களை இறக்கி, பதிவில் இணைப்பு இருந்தால் அந்தப் பக்கத்தின் முன்னோட்டத்தையும் எடுக்கப் போகும். ஒரு சிறிய செய்தித் தளத்தின் இணைப்பு பிரபலமானவர் ஒருவரின் பதிவில் வந்தால், ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒரே நேரத்தில் அந்தத் தளத்தின் கதவைத் தட்டும். தளம் படுத்துவிடும். மாஸ்டடான் இதற்காக ஒரு நிமிடத்துக்குள் ஏதோ ஒரு விநாடியில் போகும்படி தாமதம் சேர்த்திருக்கிறது. முழு மருந்தல்ல, ஓரளவு தணிப்புதான்.

வளர்ச்சியின் வரலாறும் இந்த அனுப்பும் சுமையோடு பின்னிக் கிடக்கிறது. 2008இல் ஐடென்டிகா, 2010இல் டயஸ்போரா, ஃப்ரெண்டிகா என்று முன்னோடிகள் இருந்தன. 2016 அக்டோபரில் ஆய்கன் ரோச்கோ ஜெர்மனியிலிருந்து மாஸ்டடானை வெளியிட்டார். பல ஆண்டுகள் அது நிதானமாகவே நகர்ந்தது. 2022 அக்டோபர் 27 அன்று ட்விட்டர் கைமாறியதும் கதை மாறியது: மாதத்தில் ஒரு முறையாவது பயன்படுத்துவோர் சுமார் 3 லட்சத்திலிருந்து ஒரே மாதத்தில் 25 லட்சமானார்கள். பலர் திரும்பிப் போனார்கள், எண்ணிக்கை இறங்கியது. ஆனால் முன்பிருந்த மட்டத்துக்கு அல்ல. 2023 ஜூனில், பிற செயலிகள் தன்னோடு இணையும் நிரலிடைமுகத்துக்கு ரெட்டிட் கட்டணம் விதிக்கப்போவதை எதிர்த்துப் போராட்டம் கிளம்பியபோது லெம்மிக்கு இதே மாதிரி ஒரு அலை. விளம்பரத்தால் வந்த வளர்ச்சி எதுவும் இல்லை. வேறொரு வீட்டில் சண்டை நடந்தால் இங்கே ஆள் வருகிறது.

2022 நவம்பரில் முதலில் அடி வாங்கியது பக்கங்களைக் காட்டும் பகுதியல்ல, அனுப்பும் வரிசைதான். பயனர் இரட்டித்தால் பின்தொடர்தல்கள் அதைவிட வேகமாகப் பெருகும். சில சர்வர்களில் பதிவுகள் மணிக்கணக்கில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. நிர்வாகிகள் இழைகளைக் கூட்டினார்கள். ஒவ்வோர் இழைக்கும் ஒரு தரவுத்தள இணைப்பு வேண்டும். மாஸ்டடானின் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது 100 இணைப்புகள். அது தீர்ந்ததும் தளம் முழுக்கப் பிழை காட்டியது. நடுவில் பிஜிபவுன்சர் என்ற இணைப்புப் பகிர்வானை வைத்துத்தான் பலர் மீண்டார்கள். இதில் ஒரு கண்ணி உண்டு: திட்டமிட்ட வேலைகளுக்கான வரிசையை ஒரே ஒரு செயல்முறைதான் கவனிக்க வேண்டும். இழைகளைக் கூட்டும் அவசரத்தில் அதையும் இரட்டிப்பாக்கிவிட்டால் ஒரே வேலை இருமுறை ஓடும்.

மொரீசியஸில் இருக்கும் நமக்கு வேறொரு கவலையும் உண்டு: சூறாவளி. 2024 ஜனவரி 15 அன்று பெலால் போர்ட் லூயித் தெருக்களில் கார்களை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். சர்வர் இரண்டு நாள் அணைந்திருந்தால் என்ன ஆகும்? மற்ற மாஸ்டடான் சர்வர்கள் ஒரு செய்தியை அனுப்ப முடியாவிட்டால் 16 முறை மறுபடி முயலும். முதல் முயற்சிகள் விநாடிகளில், கடைசி இடைவெளிகள் பல மணி நேரம். மொத்தம் ஏறத்தாழ இரண்டு நாள். அதற்குள் திரும்பிவிட்டால் பெரும்பாலானவை தாமாக வந்து சேரும். தாண்டிவிட்டால் அந்த நாட்களின் பதிவுகள் வராது. பின்னோக்கிப் போய் எடுத்துவர ஏற்பாடில்லை. ஏழு தனித்தனி நாட்கள் தோல்வி பதிவானால் உங்கள் சர்வரை 'கிடைக்காதது' என்று குறித்து அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் மீண்டு வந்து அங்கே ஏதாவது ஒரு செய்தி அனுப்பினால் குறி நீங்கும்.

ஆகவே மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்ததும் சேவைகளை ஒழுங்காக நிறுத்தி, போஸ்ட்கிரெஸ் தரவு, ரகசியச் சாவிகள் உள்ள அமைப்புக் கோப்பு, சொந்தப் படங்கள் மூன்றையும் தீவுக்கு வெளியே நகலெடுத்துவிட வேண்டும். முகப்பு ஓடை, அதாவது உள்ளே நுழைந்ததும் தெரியும் பதிவுகளின் ஓட்டம், தற்காலிக நினைவகத்தில் இருப்பது. அழிந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். தரவுத்தளம் போனால் தீர்ந்தது. அதே டொமைனில் புதிதாக நிறுவினாலும், டர்பன்காரரின் திரையில் 'பின்தொடர்கிறீர்கள்' என்றே இருக்கும். புதிய சர்வருக்கு அவரைத் தெரியாது, அவருக்கு எதுவும் அனுப்பாது. இருவருக்குமே கோளாறு தெரியாது.

சர்வரின் சேமிப்பு வட்டு நிரம்புவது இன்னொரு வாடிக்கை. தைப்பூசக் காவடி அன்று ஆளுக்கு நான்கு படம் ஏற்றுவதால் நிரம்புகிறது என்று தோன்றும். உண்மையில் நிரப்புவது வெளிச் சர்வர்களிலிருந்து இறங்கிக் குவியும் படப் பிரதிகள். டூட்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியில் ஊடகம் நீக்கும் கட்டளை வெளிப் பிரதிகளை மட்டும், ஏழு நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்கும். சொந்தப் படங்களைத் தொடாது. தினமும் ஓடவிடலாம். ஓடை வெறிச்சோடியிருக்கிறதே என்று ரிலே எனப்படும் பொதுப்பதிவுக் குழாயைச் சின்ன சர்வரில் இணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வட்டும் வரிசையும் ஒரே வாரத்தில் திணறும்.

தீவில் ஒருவரே கிரியோல், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும் எழுதுவார். ஒவ்வொரு பதிவுக்கும் மொழிக் குறி சரியாக இட்டால், சென்னையில் பின்தொடர்பவர் உங்கள் தமிழ்ப் பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெறலாம். 500 எழுத்து வரம்பிலும் தமிழுக்கு நட்டமில்லை: 'கொ' என்பது ஓர் எழுத்தாகவே எண்ணப்படும்.

2024 பிப்ரவரியில் வந்த குப்பைப் பதிவு வெள்ளம் எந்தச் சர்வர்களைப் பயன்படுத்தியது தெரியுமா? யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்து விட்டு, நிர்வாகி எட்டிப் பார்க்காமல் போனவற்றை. அவற்றைப் பலர் மொத்தமாகத் துண்டித்தார்கள். துண்டிப்பு கடுமையான நடவடிக்கை. அந்த டொமைனோடு உள்ள பின்தொடர்தல்கள் அறுந்துபோகும், தடையை நீக்கினாலும் திரும்பாது. சந்தேகம் இருந்தால் முதலில் 'வரம்பிடு' போதும்; பின்தொடராதவர்களின் கண்ணில் மட்டும் அந்தச் சர்வரின் பதிவுகள் படாது. சங்கத்துச் சர்வரில் சேர்க்கை ஒப்புதல் முறையில்தான் இருக்க வேண்டும்.

பத்துப் பேருக்கு மாஸ்டடான் அதிகம். அதற்கு நினைவகம் நிறைய வேண்டும். கோடூசோஷியல் என்ற சிறிய ஃபெடிவர்ஸ் மென்பொருள் 1 ஜிபியில் ஓடும், எஸ்க்யூலைட் கோப்பு ஒன்றையே அதற்குத் தரவுத்தளமாக வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் சர்வரின் நிர்வாக அனுமதி இருவரிடம் இருக்கட்டும். மாஸ்டடான் தன் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களிடம் கேட்பதும் அதுதான்: அவசரத்துக்கு இரண்டாவது ஆள், தினசரிக் காப்பு, மூடுவதென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு.

மூடும் நிலை வந்தால், புதிய கணக்கில் பழையதை மாற்றுப்பெயராகக் குறித்துவிட்டுப் பழைய கணக்கிலிருந்து 'இடம்பெயர்' கொடுக்க வேண்டும். பின்தொடர்பவர்கள் தாமாக மாறுவார்கள், பதிவுகள் வராது, அடுத்த இடப்பெயர்வுக்கு 30 நாள் பொறுக்க வேண்டும். இதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருந்தாக வேண்டும். சர்வரை அணைத்த பிறகும் டொமைனுக்குச் சில ஆண்டுகள் சங்கத்தின் பெயரில் பணம் கட்டுங்கள். காலாவதியான டொமைனை யாராவது வாங்கி அதே பெயர்களில் கணக்குத் திறந்தால், பழைய தொடர்புகளை அறுக்காத சர்வர்கள் அவரைச் சங்கம் என்றே நம்பும்.